பதினொரு நிமிட ஷாட்

இடைவேளைக்குப் பிறகும் உருப்படியாக இருந்த தமிழ்ப் படங்களை எண்ண ஒரு கை விரல்களே போதும், சார். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். இங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் இளவழகன். சொந்த ஊர் ஆலங்காயம். பதினாறு வருடமாக ஜமுனாமரத்தூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோவும் கல்யாண வீடியோவும் வயிற்றுக்கு, சினிமா எனக்கு. யூடியூபில் விமர்சனம் சொல்கிறேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள். மற்றவர்களுக்கு விவரம் போதாது.

பெரிய ஹீரோ படங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹீரோ கூலிங் கிளாஸைக் கழற்ற ஒன்றரை நிமிடம் ஆகும். இருபது அடியாட்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி நின்று, முறை வந்ததும் வந்து அடி வாங்கிக்கொண்டு போவார்கள். இவர்களையாவது மன்னிக்கலாம், ஏமாற்றுகிறோம் என்று போஸ்டரிலேயே சொல்லிவிடுகிறார்கள். விருதுப் படக்காரர்கள் அப்படி இல்லை. ஒரு பெரியவர் எட்டு நிமிடம் நடப்பார், ஒரு ஆடு திரும்பிப் பார்க்கும். உடனே வெளிநாட்டில் எழுந்து நின்று கை தட்டுவார்கள்.

அப்படி ஒரு படத்தை எங்கள் மலையிலேயே எடுத்தார்கள். மகளைப் பறிகொடுக்கும் விவசாயியாகச் சின்னதம்பி அண்ணன் நடித்தார். நிஜத்திலும் சாமை விதைக்கிறவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் செந்தாமரை வாணியம்பாடியில் நர்சிங் படிக்கிறாள். படத்தில் அவர் மார்பில் அடித்துக்கொண்டு மண்ணில் புரண்டு அழுவார். அப்படி அவர் ஊரில் யாரும் அழுது நான் பார்த்ததில்லை. பத்திரிகைகள் அதை உண்மை என்று எழுதின. காவலூர்ப் பக்கம் போனால் வண்டியை நிறுத்தி அவரோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அழுகை ஏன் பொய் என்று நாற்பது நிமிடம் விளக்கி வீடியோ போட்டேன். "நீ நிஜத்த பாத்துக்கீறியா?" என்று ஒருவன் கீழே கேட்டிருந்தான். பதினான்கு பேர் அவனுக்கு லைக் போட்டிருந்தார்கள். கேள்வி நியாயமானதுதான். நான் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை, செந்தாமரை ஊருக்கு வருவதாக இருந்த நாள், பகல் பதினொன்றரை மணிக்கு அவர் ஊருக்குப் போனேன். அங்கே போனில் சிக்னல் கிடையாது. சாவுச் செய்தி என்றால் யாராவது வண்டியில் வந்து நேரில்தான் சொல்ல வேண்டும். சொல்ல வந்தவனை அங்கே யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அப்படிக் கேட்பது இறந்தவரையே சந்தேகப்படுவது மாதிரி. இது எனக்குத் தெரியும்.

அவர் களத்தில் தனியாகச் சாமையை மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார். என் சட்டைப் பையில் போன் ஓடிக்கொண்டிருந்தது, லென்ஸ் வெளியே தெரியும்படி.

"ணா, செந்தாமரை வந்த பஸ்ஸு மலைப்பாதைல கவுந்துட்ச்சி. பொண்ணு போய்ட்ச்சிணா."

அவர் அழவில்லை. கையிலிருந்த மூட்டையின் வாயைச் சணலால் கட்டி முடித்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"காலைல எதுனா சாப்ட்டுச்சோ இன்னாவோ" என்றார்.

பிறகு அந்த மூட்டையிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எந்த டைரக்டருக்கும் இது தோன்றாது.

நான்காவது நிமிடம் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்தது. "தம்பி, கொஞ்சம் தண்ணி குடு" என்றார். குடம் நான்கு எட்டில் இருந்தது. நான் திரும்பினால் ஃபிரேமை விட்டு அவர் போய்விடுவார். இந்தக் காலத்து எடிட்டர்கள் ஒரு ஷாட்டை மூன்று வினாடிக்கு மேல் விடுவதில்லை. பொறுமை என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. நான் அசையாமல் நின்றேன். சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த முகம் மாறியிருக்கும்.

பதினோராவது நிமிடம் அவர் அசைவது நின்றது. அதற்குப் பிறகு தண்ணீர் கொண்டுபோனேன்.

ஒரு மணி பஸ்ஸில் வந்து செந்தாமரை இறங்கினாள். விடுமுறைக்குப் பையோடு வந்திருந்தாள். அப்பாவை மடியில் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கப்பாகிட்ட இன்னா சொன்னீங்க?"

"நீ செத்துட்டேன்னு சொன்னேம்மா" என்றேன். அவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று மாலையே வீடியோவை ஏற்றினேன். நீங்கள் வந்து எடுக்கச் சொல்லும் முன் ஒன்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். பாதிப் பேர் "அருமையான நடிப்பு" என்று எழுதியிருந்தார்கள். இந்த ஜனங்களுக்கு எதைக் காட்டியும் பிரயோஜனமில்லை.

அவர் சாகப்போகிறார் என்பது அவர் தண்ணீர் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் நின்றேன். இதை மறுக்கவில்லை, கையெழுத்தும் போடுகிறேன். நேற்று நீங்கள் கேட்ட இன்னொன்றுக்கும் பதில் எழுதிவிடுகிறேன். ஆமாம், அந்தப் படத்தில் பஸ் நிறுத்தத்தில் நிற்பவனாக எனக்கும் ஒரு காட்சி இருந்தது. பதினெட்டு வினாடி. சின்னதம்பி அண்ணனின் அழுகைக்கு இடம் வேண்டும் என்று அதை வெட்டிவிட்டார்கள். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சார்.