ஐம்பதாவது பிறந்தநாளும் தொள்ளாயிரம் புட்டிகளும்

எராதுரா விரிகுடா வண்டல் ஆய்வகத்தில் முப்பத்துமூன்று ஆண்டுகள் அருந்தொண்டாற்றி இன்று ஓய்வு பெறும் முதுநிலை வேதியியலாளர் திருமதி ஓர்தென்சியா கிலோத்ரான் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுவந்து அளிக்கும் மடல்.

சேற்றைச் சலித்துச் சத்தியம் எடுத்த செம்மலே! கண்ணுக்குத் தெரியாத கரிம நஞ்சைக் கையும் களவுமாகப் பிடித்த காவலரே! கையுறை கிழிந்தாலும் கண்டிப்புக் கிழியாத எங்கள் அன்புக்குரிய அம்மையீர்! வணக்கம்.

கடைக்காரரின் தராசுக்கு எடைக்கல் எப்படியோ, வண்டலில் நஞ்சை அளக்கும் ஆய்வகங்களுக்குத் தாங்கள் நிரப்பித் தந்த வண்டல் புட்டி அப்படி. 'இதில் இன்ன நஞ்சு இவ்வளவு' என்று பதினோரு ஆய்வகங்கள் ஒருமித்துச் சொன்ன சான்று வண்டல் கையில் இருந்தால்தான், மற்றவர் அளவு மெய்யா பொய்யா என்று துணிந்து சொல்ல முடியும். விரிகுடாவில் கழிவைக் கொட்டிய ஆலையின் கணக்கைச் சரிபார்க்க, அப்படி ஒரு புட்டிக்காகவே அன்று இந்தக் கரை காத்துக் கிடந்தது. சிப்பி எடுக்கும் நாற்பது குடும்பங்களின் தலைவி எடெல்மிரா அம்மாள் நம் வாசலில் நின்று கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறது: "நஞ்சு கம்மின்னு ஆலை சொல்லுது, சிப்பிய எடுக்காதேன்னு சர்க்கார் சொல்லுது. நடுவுல நாங்க எதத் திங்கிறது?"

புட்டிகளை நிரப்பும் நாளும் வந்தது. கடைசிப் புட்டி நிறையும்வரை வண்டலைக் கலக்கும் உருளை நிற்கவே கூடாது என்பது தாங்கள் இட்ட சட்டம். அன்றுதான் தங்களுக்கு ஐம்பது வயது! ஆயிரம் அடுக்குக் கேக்கும் மெழுகுவத்தியுமாக நாங்கள் வந்து நின்றோம். உருளையின் இரைச்சலில் பிறந்தநாள் பாட்டுக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே தாங்களே விசையை அணைத்தீர்கள். நாற்பது நிமிடம் பாடினோம், தின்றோம், ஆடினோம். துறைமுகச் சரக்கு ரயில் கட்டடத்தை அதிர வைத்துப் போனதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அந்த அதிர்வில், நின்றிருந்த உருளைக்குள் பருமணல் மேலேற, நஞ்சைப் பற்றிக்கொள்ளும் நுண்பொடி அடியில் இறங்கிவிட்டது; பிறகு உருளையை ஓடவிட்டும் அது சரியாகக் கலக்கவில்லை.

சோதனையில் நானூற்றுப் பன்னிரண்டாம் புட்டிக்குப் பிறகு நஞ்சின் அளவில் ஆறு சதவீத வேறுபாடு. சல்லடையைத் திட்டினோம், சல்லடை விற்றவரைத் திட்டினோம். தாங்கள்தான் எழுந்து, "யாரையும் வையாதீங்க. உருளைய நிறுத்தினது நான்தான்" என்றீர்கள். பாட்டு மயக்கத்தில் இருந்த எங்களுக்கு அது நினைவிலேயே இல்லை. தாங்கள் வாய் திறக்காதிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது!

அன்றைய இயக்குநர் எவாரிஸ்தோ அவர்கள், இதோ முன்வரிசையில் தலைகுனிந்து சிரிக்கிறாரே அவர்தான், "ஆறு சதவீதந்தானேம்மா? முன்னப்பின்ன இருக்கலாம்னு பிழை எல்லையைக் கொஞ்சம் கூட்டி எழுதிட்டாப் போச்சு" என்றார். "கூட்டலாம் சார். அப்புறம் ஆலைக்காரன் அந்த எல்லைக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவான்" என்றீர்கள். தொள்ளாயிரம் புட்டிகளையும் ஒதுக்கினீர்கள். பதினோரு ஆய்வகங்களுக்கும் தங்கள் கைப்படவே குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதினீர்கள்.

பிறகு, புதுப் புட்டிக்கு இன்னும் ஓராண்டு ஆகும் என்று எடெல்மிரா அம்மாளிடம் சொல்லத் தாங்களே கரைக்குப் போனீர்கள். அதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

"ஒரு துண்டு கேக்குக்காக எங்க அடுப்ப ஒரு வருசம் அணைக்கிறியே டாக்டரம்மா, நல்லா இருக்கா இது?"

"நல்லா இல்லதான். ஆனா இந்தப் புட்டிய நம்பிக் கேஸுக்குப் போனா, அடுத்த வருசமும் அணையும், அதுக்கடுத்த வருசமும் அணையும்."

எடெல்மிரா அம்மாள் தம் கூடையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அப்ப ஒழுங்காக் கலக்கு. பொறந்தநாள் கிறந்தநாள்னு ஏதாச்சும் வந்துச்சு, நானே வந்து நிப்பேன், பாத்துக்க!" என்றார். சொன்னபடியே மறுமுறை நிரப்பிய அன்று காலைமுதல் உருளையருகே கைகட்டி நின்றார். தாங்கள் தேநீருக்கு எழுந்தபோதுகூட விடவில்லை.

அந்தப் புட்டி நிலைத்தது, அம்மையீர்! அதை அளந்த ஆலையின் ஆய்வாளர்கள் பாதி நஞ்சைத்தான் கண்டார்கள். விரிகுடாவுக்கும் அவர்கள் பாதிக்கணக்கே காட்டி வந்தார்கள் என்பது அம்பலமாயிற்று. கழிவுக்குழாய் அடைபட்டது, நச்சுச் சேறு அள்ளப்பட்டது. சென்ற சனவரியில் நாற்பது குடும்பங்களும் மீண்டும் கூடையோடு கடலில் இறங்கின. இன்றைய விருந்தில் ஆவி பறக்கும் சிப்பிக் குழம்பு எடெல்மிரா அம்மாள் கையால் வந்தது. வயிறாரத் தின்னுங்கள்.

இனி ஒரு குறை சொல்ல வேண்டும். தங்கள் புட்டி இப்போது எங்களுக்கு உதவவில்லை! விரிகுடா வண்டலில் இன்றுள்ள நஞ்சு, அந்தப் புட்டியில் இருப்பதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனை சிறிய அளவைச் சரிபார்க்கப் புதிய சான்று வண்டல் வேண்டியிருக்கிறது. அதற்கான நிரப்பும் நாளும் இன்றாகவே அமைந்துவிட்டது. இந்த மடலைத் தொண்டை கிழியக் கத்திப் படிப்பதன் காரணம், அடுத்த அறையின் இரைச்சலைக் கேட்கும் தங்களுக்குத் தெரியாததல்ல.

நோயற்ற உடலோடும் குறையாத கோபத்தோடும் தாங்கள் நெடுங்காலம் வாழ்க! எங்கள் வாழ்த்துப்பாட்டுத் தங்கள் காதில் விழாவிட்டால் பொறுத்தருள்க. உருளையை நாங்கள் நிறுத்தப் போவதில்லை.

இங்ஙனம்,
கேக்கை முறைவைத்துத் தின்னும்
வண்டல் ஆய்வகப் பணியாளர்கள்