நொண்டிச் சிறகு

எனக்குச் சாயங்கால நடைதான் உயிர் சார். முதல் ஷிப்ட் முடிந்து ஒரு காபி குடித்துவிட்டுப் பைனாகுலரோடு பழைய சுரங்கத்து மண்மேட்டுக்குப் போய்விடுவேன். அங்கே பக்கி என்றொரு பறவை உண்டு. பகலெல்லாம் சருகோடு சருகாகக் கிடக்கும், மிதிக்கப்போனால்தான் தெரியும். இருட்டத் தொடங்கியதும் எழுந்து, வாயை அகலத் திறந்துகொண்டு பறந்து பூச்சி பிடிக்கும்.

அது கூடு கட்டாது. வெறுந்தரையில் முட்டையிடும். யாராவது கிட்டே வந்தால், இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் அடித்துக்கொண்டு தத்தித் தத்திப் போகும். வந்தவன் அதன் பின்னாலேயே போவான், முட்டை தப்பித்துவிடும். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

என் மகள் அருள்மொழி, மணிமாறனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். எங்கள் பிளாக்கில் தோட்ட வேலை பார்த்த கான்ட்ராக்ட் பையன், குள்ளஞ்சாவடிப் பக்கம். நல்லவன், அதில் குறை சொல்ல மாட்டேன். நான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. "சாயங்காலம் மேட்டுக்கு வாப்பா, பக்கி காட்டறேன், அங்கேயே பேசிக்கலாம்" என்றேன். சம்மதம் என்று நினைத்துவிட்டான் போல. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

மேட்டுக்குப் பின்னால் ஒரு சேற்றுக்குழி. மேலே காய்ந்து தரை மாதிரி இருக்கும். கீழே ஆள் முங்கும். எச்சரிக்கைக்கு நட்டிருந்த சிவப்புக் கொடியை முன்பே பிடுங்கிவிட்டேன். குழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கால் பிசகிவிட்டதென்று முனகினேன்.

"அசையாதீங்க சார், தோ வந்துகினே இருக்கேன்" என்று குறுக்கே ஓடிவந்தான்.

இடுப்புவரை போனதும் நிமிர்ந்து பார்த்தான். நான் எழுந்து நின்றிருந்தேன். "சார், கைய குடுங்க சார்." அப்போது பக்கி கத்தத் தொடங்கியது. சக், சக், சக். அது ஓயும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது மார்கழி. இந்த மாதத்தில் அது கத்தாது. ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் கேட்கிறது. என் மனைவி உமாராணிக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று சொல்லியிருக்கிறேன். அருள்மொழி நம்பாமல் பின்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது சார். அந்தச் சத்தம் நின்றால் போதும்.

எழுதிக்கொள்ளுங்கள், கொன்றது நான்தான். சாதிக்காக என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தப் புத்தி எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. வேலைக்கு வருகிற பையன் தாகத்தோடு நிற்கக் கூடாதென்று, அவனுக்கென்றே தனியாக ஒரு டம்ளர்கூடப் பின்கதவுக்கு வெளியே வைத்திருந்தோம்.