முளைத்தது தெரியாத செடி

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் யாழ்ப்பாணத்து விஞ்ஞான மாஸ்டர் ஒருவரும், தேயிலை நாற்று வளர்க்கும் தவறணையில் வேலைசெய்யும் அம்மா ஒருவரும்.

“சில செடிக்குத் தான் முளைச்சிட்டன் எண்டதே தெரியாது,” என்றார் மாஸ்டர். என் காது அங்கேயே நின்றுவிட்டது.

“அது எப்பிடிங்க சேர்?”

“மரபணு இழை ஹிஸ்டோன் எண்ட புரதத்தில சுத்தியிருக்கும். முளைச்ச உடன சில நொதியங்கள் அந்தப் புரதத்தில அடையாளம் வைச்சு, விதைக்குரிய மரபணுக்களைப் பூட்டிவிடும். பூட்டாட்டி, செடி தன்னை இன்னும் விதையெண்டு நினைச்சு எண்ணெயைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். வளராது.”

“எங்ககிட்டயும் அப்பிடி இருக்குங்க. தண்ணியில தாழ்ந்த கொட்டையத்தான் ஈரமணல்ல போடுவோம். சிலது வெடிச்சு வேர் விடும், எல விடாது.”

“அதை என்ன செய்வீங்கள்?”

“கொஞ்ச நாள் பாப்போம். பெறகு வீசிருவோம்.”

பஸ் இரண்டு வளைவு ஏறியது.

“சேர் இங்க வந்து எத்தன வருசங்க?”

“பதினொண்டு.”

“அப்ப இனி எங்க ஊர்க்காரருதான்.”

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “கொண்டுவந்த பெட்டி இன்னும் கட்டினபடி கிடக்கு.”