வெண்கலத்துக்குக் குரல் கொடுத்தவள் பேசுகிறேன்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, அரிதாரம் பூசிப் பூசியே ஆயுளின் பாதியைக் கழித்த நாடக மன்றத்தின் மூத்தோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு வந்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி இருந்தும் நின்றுகொண்டுதான் கேட்பேன் என்று அடம்பிடிக்கும் தம்பிகளே, "என்னைப் பத்தி ரொம்பப் பேசிடாதே" என்று கண்ணாலேயே எனக்குக் கட்டளையிட்டபடி நடுவில் வீற்றிருக்கும் விழா நாயகியே, உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்!

முறைத்துப் பயனில்லை அக்கா. மேடையில் ஐம்பது வருடம் நீங்கள் பேசினீர்கள். இன்று என் முறை.

நாடகம் பக்கம் வராத உங்களில் பலருக்கு என் முகம் புதிது. ஆனால், இந்தக் குரல்? ஆமாம், அந்தக் கண்ணாடி போட்ட ஐயா பக்கத்தில் இருப்பவரிடம் "எங்கேயோ கேட்ட குரலா இருக்கே" என்கிறார். கேட்டிருப்பீர்கள் ஐயா! அக்கா நடித்த முதல் ஒன்பது படங்களில் அவர் வாயசைத்தார், பேசியது நான். இருட்டறையில் திரையைப் பார்த்து, இன்னொருத்தி உதட்டுக்கு என் ஒலியை ஒட்டவைப்பதுதான் அன்று என் தொழில்.

அக்கா எப்படி நடிகையானார்? கலைத்தாகமா? கனவா? கண்ணீரா? ஒன்றுமில்லை! அவருடைய அப்பா நாடகக் குழுவின் தையல்காரர். பதினாறு வயதுப் பெண், அப்பாவுக்கு உதவியாகப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் தலைமையாசிரியை வேடம் போடும் அம்மாள், முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டார். திரை தூக்க அரைமணி நேரம். உடுப்பு இருக்கிறது, உள்ளே போட ஆள் இல்லை. அந்த உடுப்பு யாருக்குப் பொருந்தும் என்று தேடினார்கள். பொத்தான் தைத்த பெண்ணுக்கே பொருந்தியது. வசனமோ, கேட்டுக் கேட்டே மனப்பாடம்! "என்னை நடிகையாக்கினது கலை இல்லை, இடுப்பளவு" என்று அக்கா இன்றும் சொல்வார்.

அன்று அவர் வாய் திறந்ததும் கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்றாராம். சிரிக்காதீர்கள், அந்தத் தூங்கியவரைத்தான் பிற்பாடு அக்கா திருமணம் செய்துகொண்டார்! இதோ, இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறார் பாருங்கள். அன்றைக்கே அக்காவுக்கு "வெண்கலம்" என்று பெயர் வைத்தது குழு. வீட்டுக்காரியாக, வில்லியாக, வழக்கறிஞராக, வழிப்பறிக்காரன் மனைவியாக, எத்தனை வேடம்! எத்தனை வீறு! ஒலிபெருக்கி பழுதானால் குழுவில் யாரும் கவலைப்பட்டதே இல்லை.

ஆனால், மேடை கொண்டாடிய அதே குரலைச் சினிமா என்ன செய்தது? முதல் படம். ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, "கரகரன்னு இருக்கு, குரலை மாத்திடுங்க" என்றார். மாற்றிவிட்டார்கள். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.

படம் வந்தது. அக்கா தன் கணவரோடும் மாமியாரோடும் பெருமையாகப் போய் உட்கார்ந்தார். திரையில் மருமகள் வந்தாள், வாய் திறந்தாள், தேனாக ஒரு குரல் வழிந்தது. அந்த மாமியார் அரங்கமே அதிர எழுந்து கேட்டார்: "டேய், யாருடா அவ, என் மருமக வாய்க்குள்ள பூந்து பேசறவ?"

அந்தப் பூந்தவள் நான்தான்!

மறுநாளே அக்கா என்னைத் தேடி ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் பேசியிருக்கீங்க. ஆனா அந்த ஜன்னல் காட்சியில நான் மூச்சை அடக்கிட்டு நிக்கிறேன். நீங்க ஏன் அங்க பெருமூச்சு விட்டீங்க?"

"ஐயோ அக்கா, நான் கவனிக்கல."

"பரவால்ல. அடுத்த படத்துல சேர்ந்து மூச்சு விடுவோம்."

அப்படி வளர்ந்தது எங்கள் நட்பு. ஆனாலும், தன் குரல் இல்லாத தன் முகத்தைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் அவர் விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்டும். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன். ஏன்? அது என் பிழைப்பு.

பத்தாவது படம் வந்தது. மருத்துவமனையில் துணி வெளுக்கும் பெண்ணாக அக்கா. போர்வைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். மருத்துவர் வந்து, அவள் கணவன் இறந்துவிட்டான் என்கிறார். அவள் "சரி" என்கிறாள். மடிப்பதைத் தொடர்கிறாள். அவ்வளவுதான் காட்சி. ஒரே சொல். இரண்டே எழுத்து!

அழுது சொன்னேன். அழாமல் சொன்னேன். அடித்தொண்டையில் சொன்னேன், அடங்கிச் சொன்னேன். இருபத்தாறு முறை சொன்னேன். திரையில் இருந்த அந்த முகத்துக்கு என் "சரி" ஒட்டவே இல்லை. கடைசியில் இயக்குநரிடம் போனேன்.

"ஐயா, இந்தச் சொல்லு எங்கிட்ட இல்ல. அவங்களையே கூப்பிடுங்க."

"வெள்ளிக்கிழமை படம் வெளியாகுதும்மா. அந்தக் கரகரப்பை யார் கேப்பாங்க?"

"மேடையில தினம் கேக்கறாங்களே!"

பின்னால் இருந்து தயாரிப்பாளர் எழுந்தார். "இதோ பாரு, வேலைய முடிக்காம இந்தக் கதவைத் தாண்டினா, மறுபடி உள்ள வர முடியாது. புரியுதா?"

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். புரியாமலா இருக்கும்? நன்றாகப் புரிந்தது. ஆனால் அந்த முகம்! போர்வையோடு நின்ற அந்த முகம்! கதவைத் திறந்தேன், நடந்தேன்.

எதிர்த் தெருவில்தான் நாடக அரங்கு. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி, இடைவேளை நேரம். அன்று பார்த்து நாயகனின் அப்பா வேடக்காரருக்குக் காய்ச்சல். அக்காதான் கோட்டும் முறுக்கு மீசையுமாக அந்த வேடத்தில் நிற்கிறார்.

"அக்கா, வாங்க. ஒரு சொல்லு பேசணும்."

"பதினஞ்சு நிமிஷம்தானே இருக்கு?"

"ஒரே ஒரு சொல்லுக்கா!"

"அப்ப நிக்காதே, ஓடு!"

ஓடினோம். வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார்: "ஐயா, யாரைப் பார்க்கணும்?"

அக்கா அதே அப்பா குரலில், "திரையில நிக்கிற என்னைப் பார்க்கணும்ப்பா, வழிவிடு!" என்றார். அந்த மனிதர் பயந்துபோய் சல்யூட் அடித்தார்.

தயாரிப்பாளர் தடுப்பதற்குள், முன்பு குரலை மாற்றச் சொன்ன அதே ஒலிப்பதிவாளர், "ஒரு தடவை கேட்டுப் பார்த்துடுவோமே" என்று மைக்கைத் திறந்துவிட்டார். அக்கா திரையைப் பார்த்தார். மீசை அசையாமல் சொன்னார்: "சரி."

ஒரே முறை! அதில் அவள் கேட்டது இருந்தது. கேட்க மறுத்தது இருந்தது. நாளைக் காலையும் வேலைக்கு வரவேண்டும் என்பதும் இருந்தது. ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி இயக்குநரிடம் நீட்டினார். இயக்குநர் மெல்ல, "மிச்சத்தையும் நீங்களே பேசிடுங்கம்மா" என்றார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம்தான் இருக்கு. என் மகனுக்கு அங்க கல்யாணம் நடக்கணும். நாடகம் முடிச்சிட்டு வந்துடறேன்!" மீசையோடு மறுபடி ஓட்டம்.

படம் முழுவதும் அவர் குரலிலேயே வந்தது. அதன் பிறகு எந்தப் படத்திலும் அவர் தன் குரலை விட்டுக்கொடுக்கவில்லை.

என் கதை? தயாரிப்பாளர் சொன்ன சொல் தவறாதவர். அன்றைக்குப் பிறகு அந்தக் கதவு எனக்குத் திறக்கவே இல்லை. மற்ற கூடங்களும் கூப்பிடவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு காலையில் அக்கா என் வீட்டுக்கு வந்தார்.

"குழுவில ஒரு வேஷம் காலியா இருக்கு. கிளம்பு."

"அக்கா, எனக்கு இருட்டுல நின்னு பேசத்தான் தெரியும்."

"எனக்குப் பொத்தான் தைக்கத்தான் தெரிஞ்சுது. கிளம்புடி."

முதல் நாள் மேடையில் என்ன செய்தேன் தெரியுமா? பழக்க தோஷம்! எதிரில் நின்றவர்கள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வசனத்தை மறந்தேன். அக்கா ரகசியமாகச் சொன்னார்: "ஏய், உன் வாயை நீதான் அசைக்கணும்!" அவர் ரகசியம் எட்டாவது வரிசை வரை கேட்டது. அரங்கமே கைதட்டியது. பத்தொன்பது ஆண்டுகளாக அந்த மேடையில்தான் நிற்கிறேன்.

அன்பர்களே! இனித்தால்தான் குரலா? வழவழத்தால்தான் வாக்கா? சந்தையில் கூவிக் கரகரத்த குரல், வகுப்பில் கத்திக் கட்டிப்போன குரல், தறிச்சத்தத்தை வென்று பேசிப் பேசித் தடித்த குரல், இவையெல்லாம் குரல் இல்லையா? உழைத்த தொண்டையில் ஒலிப்பது குறை இல்லை. அது அவரவர் வாழ்ந்ததன் சாட்சி! தாய்மார்களே, உங்கள் குரல் சரியில்லை என்று இனி யாராவது சொன்னால், இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசுங்கள்!

முடிக்கச் சொல்லித் தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். முடிக்கிறேன் ஐயா, ஒரே ஒரு செய்தி. அடுத்த வாரம் ஒரு புதிய படம் தொடங்குகிறது. ஒரே வீட்டில் இருபது வருடம் பேசாமல் இருந்த அக்கா தங்கை, ஒருநாள் பேசத் தொடங்குகிறார்கள். அக்காவாக இவர். தங்கையாக நான்! முதன்முறையாக இருவரும் ஒரே சட்டகத்துக்குள். அவர் வாயில் அவர் குரல், என் வாயில் என் குரல். யார் சத்தம் பெரிது என்பதைத் திரையரங்குக்கு வந்து நீங்களே சொல்லுங்கள்!

இவ்வளவு நேரம் என் பேச்சுக்குச் செவி தந்த உங்களுக்கு நன்றி. எனக்கு மேடை தந்த என் அக்காவுக்கு, இரு கரம் கூப்பி என் வணக்கம்!