தட்டினால் பதில்

நெல் அவிக்கும் ஆலையில் வேலை செய்கிறவனுக்கு முதலில் போவது காது. எனக்கு இன்னும் நன்றாகக் கேட்கும், இன்ஸ்பெக்டர் சேர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சவளக்கடையில் எங்கள் உலை கழிவு எண்ணெயில் எரிவது. எண்ணெய் முழுதாக எரியாது. கரியோடு சேர்ந்து சுவரில் அப்பிக்கொள்ளும். தொட்டால் கல், உள்ளே எண்ணெய். ஆள் இறங்கிச் சுரண்டலாம். அல்லது தீ வைத்துக் காற்றடித்தால் தானே எரிந்து உதிரும். உள்ளே ஆள் இல்லையென்றால் இரண்டாவதுதான் சுலபம்.

முற்றத்தில் நெல் காயும். அதில் கரித்தூள் விழாதபடி உலைக்கதவை வெளியே கொண்டியிடுவோம். உள்ளே இருப்பவன் சுரண்டியால் தட்டுவான். வெளியே இருப்பவன், ஆள் நிற்கிறேன் என்று, பதிலுக்குத் தட்ட வேண்டும். உள்ளே றிபாத், வெளியே நான்.

"மீராக்காக்கா, நித்திரையாகிடாதீங்க. மறுகா நான் புட்டுப் போல அவிஞ்சிருவன்" என்று சிரித்துக்கொண்டே இறங்குவான்.

என் மனைவி ஸைனம்பு மருதமுனையில் சுனாமியோடு போனாள். அடக்க மையித்துக் கிடைக்கவில்லை. றிபாத்தும் அந்த ஊர்தான். சில வருடங்கள் கழித்து, பகல் சோற்றின்போது, தானாகவே சொன்னான்.

"தென்னையக் கட்டிப் புடிச்சிட்டிருந்தன் காக்கா. ஒரு பொம்புள என்ட காலப் புடிச்சிட்டா. உதறிட்டன்."

"ஆரு?"

"தெரியா. நெத்தியில ஒட்டுப்பொட்டு. அது மட்டுந்தான் ஞாபகம்."

அழுதான். நான் என் மீன் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.

யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்ன நாள், சந்தியில் வெடி கொளுத்தினார்கள். ஆலையில் எல்லோரும் பார்க்கப் போய்விட்டார்கள். றிபாத் உலைக்குள் சுரண்டிக்கொண்டிருந்தான். எண்ணெய்த் துணியைப் பற்றவைத்து உள்ளே போட்டு, கதவைக் கொண்டியிட்டேன். காற்றாடியை முடுக்கினேன்.

வெடிச் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கும் என்று முதலாளி உங்களிடம் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். கேட்டது. அவன் தட்டினான், ஒவ்வொன்றுக்கும் நான் பதில் தட்டினேன், அவன் நிறுத்தும்வரை. அவனைத் தனியே விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

சுவர் அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் வந்ததில்லை.

நீங்கள் கேட்க நினைப்பது தெரிகிறது. ஓம், ஸைனம்பு பொட்டு வைக்கிறவள் அல்ல. அவன் சொன்னபோதே அது என் மனதில் பட்டது. ஆனால் அவளை உதறியவன் எவனும் என்னிடம் வந்து சொல்லவில்லை. சொன்னவன் இவன் ஒருவன்தான்.