உருவின இலை

— கோவிக்காதீங்க நஸ்ரி சேர். நான்தான் எங்கயோ பிழை விட்டிருக்கன்.

— இல்ல ஹுஸ்னியா ராத்தா...

— மாதர் சங்கக் கூட்டத்துல நீங்க வடிவாத்தான் சொல்லித் தந்தீங்க. "இலையெல்லாம் சீனியத் திங்குது, உருவி எறியுங்க, சீனி முழுக்கத் தக்காளிக்குப் போகும்" எண்டு. அப்பிடியேதான் செஞ்சன். இந்தா, கடிச்சுப் பாருங்க.

— ...புளிக்குது.

— காய்க்கு மேலால வெயில் பட்டு வெள்ளை வெள்ளையா வெந்தும் போச்சு. பாலையூத்துச் சந்தியில விக்க வச்சும் ஒருத்தரும் கையால தொடல்ல. உங்கட முகத்தப் பாக்க எனக்கு வெக்கமா இரிக்கு சேர்.

— வெக்கப்பட வேண்டிய ஆள் நான்.

— அல்லாவே, என்ன கதை இது? நீங்க விவசாயப் போதனாசிரியர்!

— பிழையாப் படிச்ச போதனாசிரியர். இலை சீனியத் திங்கிறல்ல ராத்தா, இலைதான் வெயில வச்சுச் சீனிய ஆக்குது. ஆக்கினதுல கூடுதலா இழுக்கிறது காய். மிஞ்சினதுதான் வேருக்கு. நான் ஆக்குற ஆளையே குசினியால துரத்தச் சொல்லிட்டன்.

— அப்ப வேர் பட்டினியா?

— ஓம். பட்டினி கிடந்த வேருக்குத் தண்ணி உறிஞ்ச ஏலாது. அடியில பழுத்த இலைய மட்டும்தான் எடுக்கலாம்.

— அதான் வாளி வாளியா ஊத்தியும் வாடினது. இது எவ்வளவு நாளாத் தெரியும் உங்களுக்கு?

— மூணு கிழமை. ஓர்ஸ் ஹில் விவசாயக் கந்தோர்ல ஒரு மேடம் படம் கீறி விளங்கப்படுத்தினவ.

— மூணு கிழமையா? பக்கத்து வளவு பரீனா பிந்தித்தானே நட்டவ. அவ இலை உருவி ரெண்டு கிழமைதானே சேர்!

— தெரியும்.

— இருநூறு தக்காளிக் கண்டு. அத நம்பித்தான் அந்தப் பொம்பிளட சீவியம். நேத்து வாடினது எல்லாத்தையும் புடுங்கி எறிஞ்சிட்டா.

— பாத்துட்டுத்தான் வாறன். அவட வாசல்ல பைக்க நிப்பாட்டினன், இறங்க மனம் வரல்ல. அண்டைக்குக் கூட்டத்துல எல்லாரும் எனக்குக் கை தட்டினீங்களே, அந்த முகத்தோட போய்ப் பிழையெண்டு சொல்ல ஏலாமப் போச்சு ராத்தா.

— ஒரு வார்த்த சொல்லியிருந்தா...

— ஓம், ஒரு வார்த்த. நாளைக்குச் சங்கத்துல எழும்பிச் சொல்லப் போறன், பரீனாவ முன்னால வச்சு. முதல்ல உங்களிட்ட சொல்ல வந்தனான். ஏசுங்க.

— நானா ஏசுறது? பொறுங்க சேர். இதையும் கடிங்க.

— இனிக்குதே! எங்க வாங்கினது?

— வாங்கல்ல. கிணத்துக்குப் பின்னால எட்டுக் கண்டு நிக்குது. நீங்க சொல்லியும் மனம் ஒப்பல்ல, அதுகள்ல மட்டும் கை வைக்கல்ல.

— அப்ப உங்களுக்கு முதலே தெரியும்?

— பழுக்கத் தொடங்கவே தெரிஞ்சுது. சேர் சொன்னதப் பிழையெண்டு சொல்ல நான் ஆரு எண்டு வாயப் பொத்திக்கொண்டு இரிந்தன்.

— மரியாதைக்குப் பேசாம இரிந்தீங்க. அதுல என்ன குத்தம்?

— பேசாம இரிந்தாத்தானே! தான் உருவ முதல் பரீனா வேலிக்கு அங்கால நிண்டு கேட்டவ, "ராத்தா, உருவினதால காய் இனிக்குதா?" எண்டு. நான் உருவினது புளிக்குதெண்டு சொல்ல வெக்கத்துல, இந்த எட்டுக் கண்டுல ஒரு பழத்த ஆய்ஞ்சு அவட கையில குடுத்தனான் சேர்.