ஃபோர்க் குழாயில் கட்டிய நூல்

அன்று அந்த இடத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். நம் குடும்பத்துச் சவரிராஜ், அவர் தம்பி லூர்துசாமி, சவரிராஜோடு சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த சங்கரலிங்கம். மூவரும் வெற்றிலை பாக்கு தவிர வேறெதையும் தொடாதவர்கள். குடித்துவிட்டு உளறினார்கள் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது. அதனால்தான் இதை முதலில் சொல்வது.

1983. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை. சுரங்கத்தில் வெட்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப் போன மேட்டுக்குப் பின்னால் ஒரு செம்மண் பாதை. லாரிகள் அந்தப் பக்கம் போவதை விட்டு இரண்டு வருடம். பாதை முடிகிற இடத்தில் கிண்ணம் போல ஒரு பள்ளம். நடுவே மழைத்தண்ணீர் தேங்கிய கறுப்புக் குட்டை. ஆழம் யாருக்கும் தெரியாது. பள்ளத்தை விட்டு மேலே வர ஒரே வழி.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸில் மோட்டோகிராஸ் ரேஸ், மண்மேடுகளில் பைக்கைத் தாவவிட்டு ஓட்டுவது. லூர்துசாமி ஓட்டுவதாக இருந்தார். பதினைந்து வருடப் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. மேட்டிலிருந்து தாவி இறங்கினால், முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் முழுக்க அமுங்கி ‘டங்’ என்று முட்டும். அதற்காக மெட்ராஸில் பழைய சாமான் கடையில் நீளமான வெளிநாட்டு ஃபோர்க் ஒன்றை வாங்கி வந்தார்கள். எந்த வண்டியில் கழற்றியது என்று கடைக்காரர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. அது இந்த வண்டியில் பொருந்தாது. சவரிராஜ் லேத்தில் அளவான புஷ் வளையம் கடைந்து, நான்கு மாலை உட்கார்ந்து பொருத்தினார். அவர் கை பட்ட வேலையில் மயிரிழை கோணல் இருக்காது.

ஃபோர்க் குழாயில் ஒரு நூலைக் கட்டினார். ஃபோர்க் அமுங்கும்போது நூல் மேலே தள்ளப்படும். எவ்வளவு அமுங்கியது என்று வண்டி நின்றதும் தெரிந்துவிடும்.

லூர்துசாமி பள்ளத்துக்குள் குட்டையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். முதல் சுற்று. நூல் முக்கால் அளவில் நின்றது. கச்சிதம்.

இரண்டாவது சுற்று. அதே மேடு, அதே வேகம்... நூல் உச்சியில் இருந்தது.

“ஃபோர்க்குல எண்ணெய் கொறச்சலா வே?” என்றார் சங்கரலிங்கம்.

“அளந்து ஊத்துனேன்யா.”

“அப்ப ஒந் தம்பி ரெண்டு ஆள் சோறு தின்னுட்டு வந்திருக்கான்.”

லூர்துசாமி சிரிக்கவில்லை. “அண்ணே... டேங்க் மேல யாரோ ஒக்காந்துகினு இருக்காப்ல இருக்குது. எண்ணெ தேச்ச தல வாசன... மூக்குக்கு நேரா.”

சவரிராஜுக்குச் சுருக்கென்றது. “பயமா இருந்தா சொல்லிடுடா. வேற ஆள வச்சி ஓட்டிக்கறேன்.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் லூர்துசாமி மறுபடி ஏறினார்.

மூன்றாவது சுற்றில் மேலே வரும் வழியில் திரும்பவில்லை. நேராகப் போனார். இன்னொரு சுற்று. இன்னொன்று. எதிரே வரும்போதெல்லாம் அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

“பிரேக்க அமுக்குடா!”

“கைய எடுக்க முடியலண்ணே... கை மேல கை வச்சிகினு இருக்குது...”

சுற்று சின்னதாகிக்கொண்டே வந்தது. குட்டையின் பக்கம்... இன்னும் பக்கம். சங்கரலிங்கம் ஓடிப் போய்ப் பின்னால் பிடித்தார். பத்தடி இழுபட்டு, முட்டி தேய்ந்து விழுந்தார்.

சவரிராஜ் பெட்ரோலை நினைத்துத் தைரியமாக இருந்தார். ஊற்றியது ஒரே லிட்டர். தீர்ந்தால் நின்றுதானே ஆக வேண்டும்.

தீர்ந்தது. என்ஜின் இரண்டு முறை இருமியது. அடங்கியது.

வண்டி நிற்கவில்லை.

சத்தமே இல்லாமல் ஓடிற்று. செயின் மட்டும் கிர்ர்... கிர்ர்... என்றது. முன் சக்கரம் தண்ணீரைத் தொட்டுவிட்டுப் போயிற்று. அடுத்த சுற்றில் தம்பி உள்ளே போய்விடுவான் என்று தெரிந்தது. அனுப்பியது தான் என்பதும் தெரிந்தது. சவரிராஜ் இறங்கிப் போய், குட்டைக்கு முன்னால், வண்டி வரும் வழியில் நின்றார்.

அவருக்கு நாலு வயதில் ஒரே மகள், பாப்பா. தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவளைப் பெட்ரோல் டேங்க்கில் உட்கார வைத்து குவார்ட்டர்ஸ் பிளாக்கை ஒரு சுற்றுச் சுற்றுவார். வாசலுக்கு வந்ததும் அவள் இறங்க மாட்டாள். அப்போது சொல்வது வாயில் தானாக வந்துவிட்டது.

“எறங்கு கண்ணு... வூடு வந்துடுச்சி.”

வண்டி அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

அமுங்கிக் கிடந்த ஃபோர்க் உஸ்ஸ்... என்று மெதுவாக மேலே எழும்பிற்று. யாரோ இறங்கினால் எழும்புமே, அப்படி. லூர்துசாமி பக்கவாட்டில் சரிந்தார். உயிர் இருந்தது.

மூவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். டவுன்ஷிப் விளக்குகள் தெரிகிற வரைக்கும் சவரிராஜின் சட்டை நுனி பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்த பாப்பா அப்பாவைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், தன் உயரத்துக்குப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாளே ஃபோர்க்கைக் கழற்றிக் குட்டையில் போட்டார்கள். ரேஸுக்குப் போகவில்லை. பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். வேறு பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கேட்டு வாங்கிப் போனார்கள். எங்கே போய் என்ன... வீட்டுக்கு வா என்று அழைத்தவர் அவர்தானே.

சவரிராஜ் மகளுக்குப் புத்தி சரியில்லை, தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று பக்கத்து ஊர் வடலூர் வரைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. நம் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை. பாப்பா ஒரு வார்த்தை சொல்வாள், நிறுத்துவாள்... பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவாள்.